சிறு விமான எஞ்சினும் எரிபொருட் கலவையும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கடந்து வந்த வழியைப் பேசுவது மரபு. அதனைப் பேசுவதற்கு நம்மினும் மூத்தோர் பலர் இங்கே வீற்றிருக்கின்றனர். செயலாளர் அவர்கள் நம்மிடம் கேட்டது வேறொன்று. "உங்கள் பள்ளியில் பிள்ளைகள் சிறிய விமான எஞ்சினில் ஏதேதோ எண்ணெய்களைக் கலந்து ஊற்றி ஓட்டுகிறார்களாமே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். ஆகவே, உள்ளங்கையில் அடங்கும் ஓர் எஞ்சினைப் பற்றியும், அது குடிக்கும் கலவையைப் பற்றியும் சிறிது நேரம் பேச விரும்புகின்றோம்.

தொடக்கத்திலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளுதல் நலம். நாம் பயின்றது வரலாறு. பெற்ற பட்டம் பி.ஏ., பி.எட். வேதியியல் நமக்குப் பள்ளியோடு நின்றுபோன பாடம். நாம் படித்த பள்ளியில் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே சேரியிலிருந்து சென்ற நம்மைப் போன்ற நால்வர் சுவரோரம் நின்று பார்ப்போம். குழாயைப் பிடிப்பதும், குப்பியைச் சாய்ப்பதும் பிறர் கைகள். "தொடாதே" என்று எவரும் நம்மிடம் சொன்னதில்லை. "கண்ணாடிச் சாமான், உடைந்துவிடும்" என்று மட்டும் சொல்வார்கள். நீலத்தாள் சிவப்பானதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோம். அதனைச் சிவப்பாக்கிப் பார்த்ததில்லை. இதனைக் குறையாகச் சொல்ல வரவில்லை. ஐம்பது வயதைக் கடந்த பின் ஓர் எஞ்சினின் முன்னே மாணவரைப் போல் நின்றோமே, அது ஏன் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே சொன்னோம்.

2024 ஆம் கல்வியாண்டின் தொடக்கத்தில் நண்பர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். தேசிய மாணவர் படையின் வான்படைப் பிரிவில் பயிற்சியளித்து ஓய்வு பெற்றவர். அப்பிரிவில் மாதிரி விமானம் செய்து பறக்கவிடுதலும் மாணவர்க்கு ஒரு பயிற்சி. அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய சிறு எஞ்சின் ஒன்றை நம் மேசைமேல் வைத்தார். அதன் கொள்ளளவு 1.5 கன சென்டிமீட்டர். அதாவது, சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்கும் இடம் ஒரு மருந்துக் கரண்டியின் அளவுகூட இல்லை. "இது ஓடும். ஆனால் இதற்கு வேண்டிய எண்ணெய் கடையில் கிடைக்காது. நீங்களே கலக்க வேண்டும்" என்று சொல்லிச் சென்றார். அந்தக் கடைசிச் சொல்லில்தான் எல்லாம் தொடங்கிற்று.

இத்தகைய எஞ்சின்களின் வரலாறு ஏறத்தாழ நூறாண்டுகளை எட்டுகிறது. 1930களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து இளைஞர் பில் பிரௌன் என்பவர் செய்த சிறு எஞ்சின் பெட்ரோலும் உராய்வு எண்ணெயும் கலந்த கலவையில் ஓடிற்று. அதற்குத் தீப்பொறி வேண்டும். பொறிக்கு மின்கலமும் கம்பிச்சுருளும் வேண்டும். அவ்வளவு சுமையையும் விமானமே தூக்க வேண்டும். 1947 இல் ரே ஆர்டன் என்பவர் 'குளோ பிளக்' என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதனுள் இருப்பது பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள். தொடக்கத்தில் மட்டும் 1.5 வோல்ட் மின்கலத்தைக் கொடுத்துக் கம்பியைக் கனல வைத்தால் போதும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடலாம். மெத்தனால் என்னும் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது எழும் வேதிவினையும், முந்தைய வெடிப்பின் வெப்பமும் சேர்ந்து கம்பியைக் கனலிலேயே வைத்திருக்கும். மின்கலச் சுமை தரையிலேயே நின்றுவிட்டது, விமானம் இலேசாயிற்று.

அதனால் உலகெங்கும் மாதிரி விமானம் பறக்கவிடுவோர் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளுக்கு மாறினர். வேகம் வேண்டுவோர் அதனோடு நைட்ரோ மீத்தேனையும் சேர்த்தனர். ஆனால் உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பு, வேகப் போட்டிகள் சிலவற்றிற்கு 80 பங்கு மெத்தனாலும் 20 பங்கு விளக்கெண்ணெயுமே எரிபொருள் என்று விதித்துள்ளது. எல்லோரும் ஒரே கலவையை ஊற்றும்போதுதான் எஞ்சினைச் செய்தவன் திறமை தெரியும் அன்றோ!

இங்கே பிள்ளைகள் நம்மிடம் ஒரு வினா எழுப்பினர். ஒரு கிலோ பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 44 மெகா ஜூல் வெப்பம் கிடைக்கும். மெத்தனாலில் கிடைப்பது 20. நைட்ரோ மீத்தேனில் வெறும் 11. அவ்வாறிருக்க, வெப்பம் குறைந்த பொருளைச் சேர்த்தால் எஞ்சின் வேகம் கூடுவது எப்படி? வரலாறு படித்த நாம் விழித்தோம். அறிவியல் ஆசிரியை கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டார்.

எஞ்சின் எரிபொருளை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.5 கிலோ போதும். நைட்ரோ மீத்தேனுக்கோ 1.7 கிலோவே போதும். ஏனெனில் அது தன் உடலிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. சிலிண்டருக்குள் ஒரு முறையில் நுழையும் காற்றின் அளவு மாறாதது. ஆதலால், ஒரு கிலோ காற்றைக் கொண்டு எவ்வளவு வெப்பம் பெறலாம் என்று பார்ப்பதே சரியான கணக்கு. அவ்வாறு வகுத்தால் பெட்ரோலுக்கு 3 மெகா ஜூல், மெத்தனாலுக்கு 3.1, நைட்ரோ மீத்தேனுக்கு 6.5 என்று வருகிறது. தராசைத் திருப்பி வைத்ததும் விடையும் திரும்பிவிட்டது. பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்படியானால் எண்ணெயைக் குறை சொல்லும் முன் அதற்குக் கிடைத்த காற்றைப் பார்க்க வேண்டும்" என்றான். நம் விடுதிப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தச் சொல் நம் நினைவுக்கு வருகிறது.

இவ்வாறு மெத்தனாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், 2024 ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஐயா, கள்ளக்குறிச்சியில் மாண்டவர்கள் குடித்தது இதுதானா?" என்று கேட்டாள்.

வகுப்பறை பேச்சற்றுப் போயிற்று. அதற்கு முந்தைய சூன் மாதத்தில்தான் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களுள் மிகப் பலர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம் பகுதியிலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சு 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. "ஆம் அம்மா, இதுதான்" என்று சொல்வதற்கு நமக்குச் சற்று நேரம் பிடித்தது.

அன்று பாடத்தை அதன் வழியே நடத்தினோம். மெத்தனால் நீரைப் போல் நிறமற்றது. மணமோ குடிக்கும் சாராயத்தின் மணத்தை ஒத்தது. கண்ணால் பார்த்தோ மூக்கால் முகர்ந்தோ இரண்டையும் பிரித்தறிய இயலாது. உடலுக்குள் சென்றபின் அது பார்மால்டிஹைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலமே பார்வை நரம்பைத் தாக்குகிறது. இரத்தத்தைப் புளிக்கச் செய்கிறது. குடித்த உடனே பெருந்தீங்கு தெரியாது. பல மணி நேரம் கழித்தே கண் மங்கும், வயிறு நோகும், மூச்சு முட்டும். "தூங்கி எழுந்தால் சரியாகும்" என்று படுத்தவர் எழாமற் போவது இதனால்தான். மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு சென்றால் மாற்று மருந்து உண்டு. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வழியும் உண்டு. இச்செய்தியை உங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டோம். இந்த மேடையிலும் அதையே கேட்டுக்கொள்கின்றோம்.

அங்கே சாராயத்தில் என்ன இருந்தது என்பதைக் குடித்தவர் அறியார். குடித்தவர் கையில் கிடைத்த பையில் எழுத்தும் இல்லை, அளவும் இல்லை. அதே பொருள்தான் வேறோர் இடத்தில், பெயர் எழுதிய குப்பியில், அளவு குறித்த கலவையாக இருந்து ஒரு சிறுவனின் விமானத்தை வானில் ஏற்றுகிறது. இதனைக் கண்ட அன்றே நம் எஞ்சின் மன்றத்தின் முதல் விதி பிறந்தது. நம் பள்ளியில் கலக்கப்படும் எந்தக் குப்பியின் மேலும், உள்ளே இருப்பவை யாவை, ஒவ்வொன்றும் எத்தனை பங்கு, என்று கலந்தது, கலந்தவர் யார் என்னும் நான்கும் எழுதப்பட வேண்டும். எழுத்தில்லாத குப்பியை எவரும் பயன்படுத்தலாகாது. அதில் இருப்பதைத் தலைமையாசிரியரே ஊற்றிக் கொடுத்தாலும் ஏற்கலாகாது.

மெத்தனாலை நாம் வாங்கவில்லை. தமிழ்நாட்டில் அதனை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள விதி. மேலும், அந்த மாணவியின் வினாவுக்குப் பின் அந்தக் குப்பியைப் பள்ளிக்குள் கொண்டுவர நம் மனமும் இடந்தரவில்லை. நல்வாய்ப்பாக, நண்பர் தந்த எஞ்சின் வேறு வகையைச் சேர்ந்தது. அது 'மாதிரி டீசல்' என்று அழைக்கப்படுவது. அதற்குப் பொறியும் வேண்டாம், கனலும் கம்பியும் வேண்டாம். காற்றையும் எரிபொருளையும் இறுக அழுத்தினால் எழும் வெப்பத்திலேயே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும்.

இந்த எஞ்சினுக்கு உரிய கலவையில் மூவர் உளர்: ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். பழைய முறைப்படி மூன்றும் சம பங்கு. ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு வேலை.

ஈதர் விரைவில் பற்றக்கூடியது. ஏறத்தாழ 160 பாகை செல்சியசு வெப்பத்திலேயே, தீக்குச்சி இல்லாமல், தானாகப் பற்றிக்கொள்ளும். எஞ்சினில் முதலில் எரிவது அதுவே. மண்ணெண்ணெய் ஈதரினும் மிகுந்த வெப்பம் தருவது. விமானத்தை இழுக்கும் வலிமையில் பெரும்பங்கு அதனுடையது. விளக்கெண்ணெய், உலோகத்தோடு உலோகம் உராயாமல் காப்பது. இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஒன்றோடொன்று எளிதில் கலவா; தனித்தனியே நிற்கவே விரும்பும். ஈதர் இரண்டோடும் கலக்கும். அது நடுவே வந்ததும் மூன்றும் ஒரே தெளிந்த நீர்மமாகிவிடும். கலக்கும் முறையும் இதனாலேயே அமைந்தது. முதலில் விளக்கெண்ணெயோடு ஈதர், பின்னரே மண்ணெண்ணெய்.

விளக்கெண்ணெயைப் பற்றி ஒரு சொல். மந்தமான பிள்ளையை "விளக்கெண்ணெய்" என்று வைவது நம் ஊர் வழக்கம். ஆசிரியர்களிலும் சிலர் வைவதுண்டு. அவர்கள் இதனைக் கேட்க வேண்டும். முதல் உலகப் போரில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்கள் பலவற்றின் உயிரைக் காத்தது இந்த எண்ணெயே. இதில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம் என்னும் தனிப்பொருளால் ஆனது. மற்றத் தாவர எண்ணெய்கள் இளகி ஓடிவிடும் வெப்பத்திலும் இது உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். நம் பாட்டிமார் ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, நீரில் கொதிக்க வைத்து, மேலே மிதந்ததை வழித்தெடுத்து விளக்கேற்றினர். பிள்ளைக்கு வயிற்றுக்கும் கொடுத்தனர். உலகில் ஆமணக்கு மிகுதியாக விளையும் நாடு இந்தியா. அதிலும் குசராத்து முதன்மையானது. நிமிடத்திற்கு 10,000 முறை சுழலும் எஞ்சினைக் காக்கும் பொருளின் பெயரை மந்த புத்திக்கு வைத்த நாக்கு எவருடையதோ, அறியோம்!

இனி, சோதனை நடந்த முறையைச் சொல்வோம். எஞ்சினைத் தடித்த மரக்கட்டையில் திருகாணியிட்டுப் பூட்டி, கட்டையை வேப்பமரத்தடி மேசையோடு இறுக்கினோம். காற்றாடிக்கு நேரே எவரும் நிற்கலாகாது. பின்புறம் மட்டுமே நிற்க வேண்டும். விரலால் சுழற்றலாகாது, துணி சுற்றிய குச்சியால் தட்ட வேண்டும். ஈதரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று தொலைவிலுள்ள தீயையும் தேடிப் பற்றும். ஆதலால் அடுப்பும் விளக்கும் அப்பக்கம் அறவே கிடையா. பக்கத்தில் மணல் வாளி இருக்கும். ஈதரை அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் சிறிது சிறிதாக, நிறக்குப்பியில் தந்துதவினார். வெளிச்சமும் காற்றும் பட்டு நாட்பட்ட ஈதரில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும்; ஆகையால் பழைய குப்பியை வைத்துக்கொள்வதில்லை.

ஈதரை ஊற்றுவது ஆசிரியையின் கை. அளவைப் பார்த்துச் சொல்வதும், எழுதுவதும், ஒப்பமிடுவதும் பிள்ளைகள் இருவர். மற்ற இரு எண்ணெய்களையும் பிள்ளைகளே அளந்தனர். "எங்களை ஏன் ஈதரைத் தொடவிடவில்லை?" என்று கேட்டனர். காரணம் முழுவதையும் சொன்னோம்; ஏற்றுக்கொண்டனர். கையைத் தள்ளி வைப்பது வேறு, தீயிலிருந்து கையைக் காப்பது வேறு. அவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் நொடியில் அறிவர்.

எஞ்சினில் திருகத்தக்கவை இரண்டு. ஒன்று ஊசித் திருகு. எரிபொருள் எவ்வளவு நுழையலாம் என்பதை அது முடிவு செய்யும். மற்றொன்று சிலிண்டரின் தலையிலுள்ள அழுத்தத் திருகாணி. அதனை உள்ளே திருகினால் இடம் குறுகி அழுத்தம் ஏறும். அழுத்தம் போதாவிடில் எஞ்சின் விட்டுவிட்டு இருமும். மிகுந்தால் முக்கித் திணறி நின்றுவிடும். வேகத்தை அளக்கக் கருவி வாங்கப் பணமில்லை. ஆசிரியையின் கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஒன்று இருந்தது. இந்த எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிக்கும். ஆகவே விநாடிக்கு 167 அதிர்வு என்றால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10,000 சுற்று. கணக்கு வகுப்பில் உறங்கிய பையன்கள் மரத்தடியில் அறுபதால் பெருக்கினர்.

2025 ஆம் ஆண்டு பங்குனித் திங்கள், ஒரு சனிக்கிழமை. காலையில் சம பங்குக் கலவை ஒன்றைச் செய்தோம். முதல் ஓட்டம் நன்று. இரண்டாவதும் நன்று. பத்து மணிக்கு மேல் எஞ்சின் சண்டித்தனம் செய்யத் தொடங்கிற்று. உச்சிப் பொழுதில் எவ்வளவு தட்டியும் எழவில்லை. பையன்கள் ஊசியைக் கழற்றிக் கழுவினர், குழாயை ஊதினர். "பழைய எஞ்சின் ஐயா, தேய்ந்து போயிற்று" என்று தீர்ப்பும் வழங்கிவிட்டனர். நாமும் ஏறத்தாழ அதனை நம்பினோம்.

அன்று குறிப்பேடு எழுதியவள் கள்ளக்குறிச்சியைப் பற்றிக் கேட்ட அதே மாணவி. அவள் ஏட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒவ்வொரு முறையும் அழுத்தத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே திருகி வந்திருக்கிறோம். ஒரு முறைகூட வெளியே திருகவில்லை. குப்பி மூடியைக் காலையிலிருந்து ஒன்பது முறை திறந்திருக்கிறோம். எஞ்சின் மாறவில்லை, எண்ணெய் மாறிவிட்டது" என்றாள்.

ஈதரின் கொதிநிலை 34.6 பாகை. நம் ஊர்ப் பங்குனி வெயில் அதனினும் மிகுதி. மூடியைத் திறந்த போதெல்லாம் ஈதர் ஓடிப் போயிருந்தது. குப்பியின் மேல் 'மூன்றும் சம பங்கு' என்று எழுதியிருந்தோம். உச்சிப் பொழுதில் அந்த எழுத்து பொய்யாகியிருந்தது. பற்ற வைக்கும் பொருள் குறைந்ததால், அதனை ஈடுகட்ட எஞ்சின் மேலும் மேலும் அழுத்தத்தைக் கேட்டது. இறுதியில் அதுவும் போதவில்லை.

இது வெறும் ஊகமாக நின்றுவிடலாகாது என்று அடுத்த சனிக்கிழமை சோதித்தோம். புதிய கலவையை இரண்டு குப்பிகளில் சமமாகப் பிரித்து எடை போட்டோம். ஒன்றை இறுக மூடி, நிழலில் ஈர மணலில் புதைத்தோம். மற்றொன்றைத் திறந்த வெளியில், தீ அணுகாத இடத்தில், மூடாமல் வைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து எடை பார்த்தால் மூடிய குப்பி அப்படியே இருந்தது. திறந்த குப்பி இலேசாகியிருந்தது. மூடிய குப்பிக் கலவை காலையில் வைத்த அதே திருகலில் எழுந்து ஓடிற்று. திறந்த குப்பிக் கலவை திருகாணியை உள்ளே திருகிய பின்னும் இருமிற்று. பிள்ளைகள் கைதட்டினர். நாம் தட்டவில்லை, நமக்குத் தொண்டை அடைத்திருந்தது. ஒரு வாரத்திற்கு முன் அந்த நல்ல எஞ்சினைத் 'தேய்ந்தது' என்று பெட்டியில் போட இருந்தோமே என்னும் நாணமே காரணம்.

அதன் பின்னர் அளவுகளை மாற்றிப் பார்க்கத் துணிந்தோம். விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். விளக்கெண்ணெயை 25 பங்கில் நிறுத்தி வைத்து, ஈதரை 35, 30, 25 என்று குறைத்தோம். குறைந்த இடத்தை மண்ணெண்ணெய் நிரப்பிற்று. ஈதர் குறையக் குறைய எஞ்சினை எழுப்பக் கூடுதலாகத் தட்ட வேண்டியிருந்தது. திருகாணியும் உள்ளே சென்றது. ஆனால் எழுந்த பின், அதே 10 மில்லி லிட்டரில் கூடுதல் நேரம் ஓடிற்று. காரணம் அதே காற்றுக் கணக்குத்தான். ஒரு பங்கு ஈதர் எரிய 11 பங்கு காற்று போதும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 15 வேண்டும். அதே காற்றுக்கு மண்ணெண்ணெய் குறைவாகச் செலவாகிறது. எளிதில் எழுவதற்கு ஒரு கலவை, நெடுநேரம் ஓடுவதற்கு மற்றொரு கலவை. எல்லாவற்றிலும் சிறந்த கலவை என்று ஒன்று இல்லை என்பதைப் பிள்ளைகள் தாமே எழுதினர். விளக்கெண்ணெயை மட்டும் மேலும் குறைக்க நாம் இசையவில்லை. சிறிது வேகத்திற்காக எஞ்சினைத் தேய்ப்பது அறமன்று.

இதெல்லாம் பொம்மை விளையாட்டுத்தானே என்று கேட்போர் உளர். அவர்கள் பெட்ரோல் நிலையத்திற்குச் சென்று பார்க்கட்டும். நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டு பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் என்னும் இலக்கு எட்டப்பட்டது; 2025 இல் அது 20 விழுக்காட்டை அடைந்தது. நாம் ஓட்டும் இருசக்கர வண்டியும் கலவையைத்தான் குடிக்கிறது. 2018 ஆம் ஆண்டு ஆகத்து 27 அன்று, காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் செய்த எரிபொருளைக் கலந்து, ஒரு பயணி விமானம் டேராடூனிலிருந்து தில்லிக்குப் பறந்தது. அவ்வாண்டு திசம்பரில் நம் விமானப்படை தன் ஏ.என். 32 விமானத்தில் 10 விழுக்காடு கலவையை ஊற்றிப் பறந்தது; 2019 சனவரி 26 அன்று குடியரசு நாள் அணிவகுப்பிலும் அக்கலவையோடு பறந்தது. அங்கே பொறியாளர்கள் கேட்கும் வினாக்களை எண்ணிப் பாருங்கள். கலவை பிரியாமல் நிற்குமா? எளிதில் பற்றுமா? உலோகத்தைக் காக்குமா? எவ்வளவு காற்று கேட்கும்? நம் வேப்பமரத்தடியில் கேட்ட வினாக்களும் இவையே.

சென்ற ஆண்டு இறுதியில் எஞ்சின் கட்டையை விட்டு இறங்கிற்று. பால்சா மரத்தில் பிள்ளைகள் செய்த இறக்கையில் ஏறி, இரு மெல்லிய கம்பிகளின் பிடியில் பள்ளித் திடலை வட்டமிட்டது. பதினொரு சுற்று முடித்து, பன்னிரண்டாவது சுற்றில் புல்லில் மூக்கைக் குத்தி விழுந்தது. இறக்கை ஒடிந்தது, எஞ்சினுக்குப் பழுதில்லை. ஊரார் வேலிக்கு வெளியே நின்று பார்த்தனர். காற்றில் விளக்கெண்ணெய் எரிந்த மணம் வந்தபோது மூதாட்டி ஒருவர், "என் மாமியார் வீட்டு விளக்கு மணக்கிற மாதிரி இருக்கிறதே" என்றார்.

பெரியோர்களே! நம் மக்கள் கைவேலை அறியாதவர்கள் அல்லர். தோலைப் பதப்படுத்தியதும், சுண்ணாம்பைக் குழைத்ததும், வயலுக்கு எருவைக் கலந்ததும் இந்தக் கைகளே. எதில் எதனை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதைக் கை அறிந்திருந்தது. அந்த அளவை எழுதி வைக்கும் ஏடும், காரணத்தைக் கேட்கும் வாயும் நெடுங்காலம் நமக்கு எட்டவில்லை. கையோடு ஏடும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை ஒரு சனிக்கிழமைப் பகற்பொழுதில் ஒரு மாணவி நமக்குக் காட்டினாள்.

கழகத்தாரிடம் நம் வேண்டுகோள் ஒன்றே. வெள்ளி விழாவின் நினைவாக ஒவ்வொரு மாலைப் பாடசாலைக்கும் ஒரு தராசு, ஓர் அளவு குடுவை, ஒரு தடித்த குறிப்பேடு ஆகிய மூன்றையும் வழங்குங்கள். எஞ்சின் வேண்டுவதில்லை. உப்பும் நீரும் போதும், சுண்ணாம்பும் மஞ்சளும் போதும். பிள்ளைகள் தம் கையால் அளக்கட்டும், கலக்கட்டும், கண்டதை எழுதட்டும். கண்ணாடிச் சாமான் உடைந்தால் உடையட்டும், வேறு வாங்கிக்கொள்வோம்.

இங்கே மேசைமேல் இருக்கும் இச்சிறு குப்பியை நீங்கள் பார்க்கலாம். அச்சம் வேண்டா, அது காலிக் குப்பிதான். அன்று ஈர மணலில் புதைத்த குப்பி இதுவே. மேலே ஒட்டிய தாளில் அம்மாணவியின் கையெழுத்து உள்ளது: "ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். மூன்றும் சம பங்கு. காலை 9 மணிக்கு. திறந்தால் மாறும்." அதன் கீழே கலந்தவர் பெயர். அப்பெயரை அவள் இசைவின்றி நாம் சொல்லலாகாது, அவையில்தான் அமர்ந்திருக்கிறாள்.